இரவு தங்காத அக்கா

அக்காவின் வெறுங்காலை நான் பார்த்ததே இல்லை. நம்மவர்கள் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். அவர் கழற்ற மாட்டார். அதனால் உள்ளே வரவும் மாட்டார். வாசலில் நின்றபடியே கையில் இருக்கும் பையைக் கொடுப்பார். பையில் அவரே வறுத்து அரைத்த மிளகாய்த் தூள் இருக்கும், இல்லையென்றால் ஒரு கறிவேப்பிலைக் கன்று.

"உள்ள வாங்கக்கா, ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்" என்பேன்.

"இல்லைப் பிள்ளை, காரை ஓஃப் பண்ணேல்லை."

உண்மையாகவே அணைத்திருக்க மாட்டார். எங்கள் டிரைவ்வேயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தேன். அவர் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ராபின்ஸ்வில்லில், ஒரு டவுன்ஹவுஸில் தனியாக இருந்தார். கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஒரே ரயில் ஏறி நியூவார்க்கில் இறங்குவோம். எனக்கு அங்கே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. அவருக்கு ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. பிளாட்பாரத்தில் யாரோ ஃபோனில் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு நானேதான் போய்ப் பேசினேன். யாழ்ப்பாணம் என்றார். நான் திருச்சி என்றேன். அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்து சீட்.

அவர் ஒட்டாத மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கோடைப் புயலில் எங்கள் தெருவில் மரம் விழுந்து கரண்ட் போனது. இரண்டு நாளைக்கு வராது என்றார்கள். அக்காவே ஃபோன் செய்து, "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். நான், கணவர், மகள், மகன், நாலு பேரும் போய் அவர் வீட்டில் தங்கினோம். தன் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் சோபாவில் படுத்தார். நண்டுக் குழம்பு, புட்டு, இடியப்பம், சொதி. என் மகன் அவர் ஃபிரிட்ஜைத் தன் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரித் திறந்து மூடினான். அதைப் பார்த்து அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "திற ராசா, வடிவாத் திற" என்றார்.

அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தீபாவளிக்குக் கூப்பிட்டால் வாசலோடு வந்து போவார். மகள் பிறந்தநாளுக்கு பார்க்கில் பார்ட்டி வைத்தபோது மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். பார்க் யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கொடுக்க மட்டுமே தெரிந்தவர்களோடு பழகுவது சுலபமில்லை. அவர் கொடுத்த மிளகாய்த் தூளில் குழம்பு வைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று நெருடும்.

அந்தப் பனிநாளில் அது வெடித்துவிட்டது.

மத்தியானமே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அலுவலகங்களைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். ரயில் நின்று நின்று ஜங்ஷன் வந்து சேர்ந்தபோது பார்க்கிங்கில் கார்கள் எல்லாம் வெள்ளைக் குவியல்களாக இருந்தன. அக்காவின் வீட்டுப் பக்கம் போகும் சாலையை மூடிவிட்டார்கள் என்று ஃபோனில் வந்தது. என் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கணவர் பெரிய காரைக் கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, வாங்க. கெஸ்ட் ரூம் சும்மாதான் கிடக்கு."

"இல்லைப் பிள்ளை. ரூட் ஒன்னில மோட்டல் இருக்கு. அங்க விட்டுவிடுங்கோ."

"அக்கா, ஒரு ராத்திரி. என் வீட்டுல ஒரு ராத்திரி தங்க மாட்டீங்களா?"

"கோவிக்காதேங்கோ."

மோட்டலில் விட்டுவிட்டு வந்தோம். கணவர் ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்குத்தான் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து புலம்பினேன். மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "Amma, it's called boundaries" என்றாள். நாங்கள் அவர் கட்டிலில் படுத்திருக்கிறோம், அவருக்கு மட்டும் என்ன பவுண்டரி என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

அதன் பிறகு சில வாரம் நான் வேறு பெட்டியில் ஏறினேன். அவர் பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அவராகவே என் பெட்டிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

"பிள்ளை, மால்டா எங்க இருக்கு எண்டு தெரியுமோ?"

"இத்தாலிக்குக் கீழ, நடுக்கடல்ல ஒரு தீவு. ஏங்க்கா?"

"ஜனவரியில அங்க போகலாமோ?"

"ஜனவரில யாரு போவா? காத்தும் மழையுமா இருக்கும். எல்லாரும் ஜூன், ஜூலைலதான் போவாங்க."

"அதுதான் கேக்கிறன். ஆக்கள் இல்லாத நேரம் போனா ஏதும் பிழையோ?"

நியூ பிரன்ஸ்விக் வருவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. அவருக்கு ஒரு தங்கை இருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறார். கேன்சர் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். அக்காவுக்கு அதெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். தங்கை மகள் ஃபோன் செய்து சொல்லியிருக்கிறாள். சகோதரிகள் இரண்டு பேரும் பேசிப் பல வருஷம் ஆகிறது.

"என்ன சண்டை?"

"அவள் பெரியபிள்ளையானதுக்கு வச்ச சாமத்திய வீட்டுக்குப் போனனான். இந்தப் பெறாமகளின்ர. போய் ஹோட்டல்ல நிண்டனான். தங்கச்சி அப்பதான் புது வீடு வாங்கினவ. எனக்கெண்டு ஒரு அறை ஒதுக்கி வச்சிருந்தவ. நான் நிக்கேல்லை. 'என்ர வீட்டை ஆரோ வீடு எண்டு நினைச்சிட்டாய்' எண்டு சொன்னவ. அதுக்குப் பிறகு கதைக்கேல்லை."

"ஏங்க்கா ஹோட்டல்ல தங்குனீங்க?"

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். மெட்ரோபார்க்கில் ஏற நின்றவர்கள் குடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். "பழக்கம்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ரூட் ஒன் மோட்டல் என் நினைவுக்கு வந்தது. அவமானப்பட்டது நான் மட்டுமில்லை என்று தெரிந்ததில் கோபம் கொஞ்சம் தணிந்தது.

இப்போது தங்கை நியூ ஜெர்சிக்கு வர மாட்டாராம், அக்கா தன் வீட்டில் தங்காததால். அக்கா டோர்ட்முண்ட் வீட்டுக்குப் போக மாட்டார். இரண்டுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு இடத்தைத் தேடிய தங்கை மகள், அதாவது பெறாமகள், மால்டாவைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஜனவரியில் விமான டிக்கெட்டைச் சும்மா கொடுக்கிற மாதிரி விற்கிறார்களாம். அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் பிப்ரவரியில். அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அக்காவுக்குப் புரிந்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து எங்கள் ரயில் பயணம் முழுக்க மால்டாதான். எனக்கு ஊர் சுற்றத் திட்டம் போடுவதென்றால் சாப்பாடு வேண்டாம். எந்த விமானம், எந்த பஸ், எது ஜனவரியில் திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று தேடித் தேடிச் சொன்னேன். பாதிக்கு மேல் மூடியிருந்தது. கடற்கரை ஹோட்டல்கள் மூடல், படகுச் சவாரி கிடையாது, காற்றடித்தால் கப்பலும் ஓடாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்கா முகம் தெளிந்தது. "நல்லது. பாக்க ஒண்டும் இல்லாட்டி கதைக்கத்தானே வேணும்" என்றார்.

சிக்கல் வந்தது தங்கும் இடத்தில். அக்கா எடுத்தால் தங்கை விருந்தாளி. தங்கை எடுத்தால் அக்கா விருந்தாளி. "நான் எடுக்கிறன்" என்று டோர்ட்முண்டிலிருந்து சேதி வரும். "அப்ப நான் வரேல்லை" என்று நியூ ஜெர்சியிலிருந்து போகும். நான் ஒரு யோசனை சொன்னேன். எதிரெதிரே இரண்டு ஹோட்டல். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. உடனே பெறாமகளுக்கு ஃபோன் போட்டார். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பெரியம்மா, ரெண்டு பேருக்கும் ரெண்டு ஹோட்டலோ? அப்ப நீங்கள் அங்கயே இருங்கோ, அம்மா இஞ்ச இருக்கட்டும். நான் ரெண்டு பேருக்கும் மால்டாப் படம் அனுப்பிவிடுறன்."

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு இடத்தை எடுத்துவிட்டாள். மால்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு பழைய கல் வீடு. மேலே இரண்டு அறை, கீழே வீட்டுக்காரம்மா. வயதானவர், தனியாக இருக்கிறார். சமையலறை பொது.

"பொது" என்று திரும்பச் சொன்னார் அக்கா. ஹோட்டலும் இல்லை, சொந்த வீடும் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் வீடு. கேன்சல் செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு மெயில் எழுத ஆரம்பித்தார். எழுதியதை எனக்குக் காட்டுவார். குளியலறை தனியா? மாடிப்படி மரமா, கல்லா? அறைக் கதவு திறக்கும்போது சத்தம் போடுமா? குழாயைத் திறந்தால் கீழே கேட்குமா?

"ஏங்க்கா, யாராவது கதவுச் சத்தத்தைப் பத்தியெல்லாம் கேப்பாங்களா?"

"தெரிஞ்சிருந்தா நல்லதுதானே."

பதில் வந்தது. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். வீடு மிகவும் பழையது, எல்லாமே சத்தம் போடும், தனக்குக் காது மந்தம், ஆகவே இதுவரை யாருக்கும் குறையில்லை என்று எழுதியிருந்தார். அக்கா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் என் கொழுந்தன் இருந்தான். டல்லாஸில் வேலை போய்விட்டது. விசாக் கெடு முடிவதற்குள் வேறு வேலை தேட வேண்டும். அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு எங்களிடம் வந்திருந்தான். கெஸ்ட் ரூம் வேண்டாமென்று பேஸ்மென்ட்டில் படுத்துக்கொண்டான். பகலெல்லாம் லைப்ரரியில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணுவான். நாங்கள் வந்த பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

"ரொம்ப டீசன்ட்டுக்கா. இருக்கறதே தெரியாது" என்று ஒரு நாள் சொன்னேன்.

அக்கா ஃபோனில் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குத் திறப்பு குடுத்தனீங்களோ?" என்றார்.

"என்னக்கா?"

"வீட்டுச் சாவி."

யோசித்துப் பார்த்தேன். கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை. அக்கா மறுபடி ஃபோனைப் பார்த்து, கோசோவில் வியாழக்கிழமை மழை என்றார்.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு சாவி வெட்டி வாங்கிப் போய்க் கொடுத்தேன். "எதுக்கு அண்ணி, நான் மேனேஜ் பண்ணிக்கறேன்" என்றான். ஆனால் கையில் வாங்கியதும் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது வாசல் கேமரா ஃபோனில் காட்டியது. அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். நான் வீட்டுக்கு வந்தபோது சிங்கில் மேகி செய்த பாத்திரம் கழுவாமல் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் முணுமுணுத்திருப்பேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா புறப்பட்டார். ஏர்போர்ட்டில் விடுகிறேன் என்றால் கேட்பாரா? ரயிலிலேயே போனார். மழைக்கோட்டு, நல்ல ஷூ, ஒரு சின்ன சூட்கேஸ். நாலு நாள் பயணம். ஐந்தாம் நாள் வரவில்லை. "கப்பல் ஓடேல்லை. காத்து" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அதற்கு நான் அனுப்பிய பத்துக் கேள்விக்கும் பதில் இல்லை. இரண்டு பேரும் மறுபடி சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். முகம் காற்றில் கறுத்திருந்தது. ஏறி உட்கார்ந்து, ரயில் நகர்ந்த பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"ஊர் மாதிரி இருந்ததோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. எல்லாரும் அதைத்தான் கேக்கினம். இல்லை. அது வேற ஊர்."

தங்கை முதலிலேயே வந்து படகுத்துறையில் நின்றிருந்தாராம். முடி குட்டையாக, நரைத்து, புதிதாக வளர்ந்திருந்தது. "கட்டிப்பிடிக்கேல்லை. சூட்கேசைத்தான் வாங்கினவ. நானும் குடுத்திட்டன்." முதல் இரண்டு நாள் யாரோ இரண்டு பேர் மாதிரி நடந்தார்கள். காலையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வயல்களுக்கு நடுவே போகும் கல் மதிலோரம் நடப்பார்கள். ஆளே இல்லை. தேவாலயம், மூடிய கடைகள், ஒரு நாய். விட்டமின், ரத்தப் பரிசோதனை, ஜெர்மனியில் வாழைக்காய் கிடைப்பது எல்லாம் பேசினார்கள். பழையதைத் தொடவில்லை. பொதுச் சமையலறையில் தங்கை டீ போடுவார். அக்கா சதுக்கத்தில் திறந்திருந்த ஒரே கடைக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவார்.

மூன்றாம் நாள் காற்று அடித்தது. அந்தக் கடையும் மூடிவிட்டது. கப்பலும் நின்றது, கரண்டும் போனது. வீட்டுக்காரம்மா இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, கேஸ் அடுப்பில் பூசணிக்காயும் அவரைக்கொட்டையும் போட்டு சூப் வைத்தார். மூன்று கிண்ணத்தில் ஊற்றினார்.

"நான் பசியில்லை எண்டு சொல்லிப்போட்டு, ஹேண்ட்பேக்கில இருந்து பிஸ்கட்டை எடுத்தனான்."

தங்கை அந்த பிஸ்கட் பாக்கெட்டையே பார்த்தாராம். "அக்கா, நீ இப்பவும் பிஸ்கட் வச்சிருக்கிறியோ?" என்றாராம். பிறகு தன் கைப்பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். மருந்து, கண்ணாடி, சீப்பு. அதற்கு நடுவே ஒரு பாக்கெட் ஜெர்மன் பிஸ்கட்.

ரயில் எலிசபெத்தைத் தாண்டியது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊரில் போர் வந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது. தங்கை சின்னப் பெண். தாய் இருவரையும் முதலில் கொழும்பில் ஒரு உறவினர் வீட்டுக்கும், பிறகு சென்னையில் கோடம்பாக்கத்தில் இன்னொரு உறவினர் வீட்டுக்கும் அனுப்பினார். கெட்டவர்கள் இல்லை. சோறு போட்டார்கள். ஆனால் பசிக்கிறது என்று எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது என்று தெரியாது. அதனால் பையில் பிஸ்கட். "இரவில எழும்பிப் பாத்ரூமுக்குப் போனா கதவுச் சத்தம் கேக்கும். ஆரோ உச்சுக் கொட்டுவினம். அதால பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை. தங்கச்சியையும் குடிக்க விடுறேல்லை." பிறகு அக்காவுக்குக் கல்யாணமாகி அமெரிக்கா வந்துவிட்டார். தங்கை அந்த வீட்டில் தனியாக இன்னும் சில வருஷம் இருந்தார்.

"அண்டைக்கு அந்தக் கிழவிக்கு முன்னால கேட்டவ. 'நீ அமெரிக்காவுக்குப் போயிட்டாய். நான் அங்க கிடந்து ஒண்டே ஒண்டுதான் நினைச்சனான். எனக்கு ஒரு வீடு வந்தா அதில அக்காவுக்கு ஒரு அறை. வீடு வந்தது. அறை வந்தது. நீ ஹோட்டலுக்குப் போனாய். ஏன்?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எதிர் சீட்டில் ஒருவர் லேப்டாப்பை மூடி இறங்கத் தயாரானார்.

"அந்த அறையைப் போய்ப் பாத்தனான் எண்டு சொன்னன். அவவுக்கே தெரியாது. புதுப் பெட்சீட். மேசையில பூ. பாத்திட்டு எனக்குப் பயம் வந்திட்டுது. ஒரு வீட்டில நிண்டா நான் முகத்தைப் பாத்துக்கொண்டுதான் இருப்பன், பிள்ளை. இண்டைக்குச் சலிச்சிட்டினமோ, நாளைக்கோ எண்டு. நிறுத்த ஏலாது. எத்தினையோ பேரின்ர முகத்தில அதைப் பாத்திட்டன். தங்கச்சியின்ர முகத்தில பாக்க எனக்குத் தைரியம் இல்லை. அதைத்தான் சொன்னன்."

"அவங்க?"

"அழுதவ. நானும் அழுதனான். அந்தக் கிழவிக்குக் காதும் கேக்காது, தமிழும் தெரியாது. அவ பூசணி பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சு, வேற ஏதும் செய்து தரட்டோ எண்டு கேட்டவ. பேந்து ரெண்டு பேரும் ஆறின சூப்பைக் குடிச்சனாங்கள்."

நியூவார்க் வந்துவிட்டது. அக்கா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "பிந்திப்போச்சு" என்று தன் பஸ்ஸுக்குப் போனார். நான் ஆபீஸுக்கு நடந்தேன்.

அதன் பிறகு அவர் மாறிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். பொங்கலுக்குக் கூப்பிட்டேன். வந்தார். வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சூப்பில மாறுமோ?" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது நெருடவில்லை. நானே காபியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போய் அவர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கார் அவருடையது. அதில் நான்தான் விருந்தாளி. அங்கே என் காபியை அவர் குடிப்பார்.

பிப்ரவரி ஸ்கேன் நன்றாக வந்தது. அடுத்த ஜனவரியும் சகோதரிகள் கோசோ போனார்கள், அதே வீடு. அதற்கடுத்த ஜனவரியும். ஆகஸ்டிலேயே திட்டம் தொடங்கிவிடும். டிக்கெட் பார்த்தாயா, மழைக்கோட்டு வாங்கினாயா, கிழவிக்கு என்ன கொண்டுபோகலாம் என்று தினமும் ஃபோன். போகிற நாலு நாளைவிடப் போவதைப் பற்றிப் பேசிய நாட்கள்தான் அதிகம். ரயிலில் என்னோடு பேச அவருக்கு நேரமே இருக்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பிறகு ஒரு வசந்த காலத்தில் அக்கா ரிட்டயர் ஆனார். டவுன்ஹவுஸை விற்கப் போவதாகச் சொன்னார். டோர்ட்முண்டுக்குப் போகிறாராம். ஒரு வருஷத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, பிறகு புதுப்பிக்கலாம் என்றார்.

"தங்கச்சி வீட்லயா?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"இல்லை. எதிர்ப் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட். அவதான் பாத்துச் சொன்னவ."

"அவங்களே பாத்துச் சொன்னாங்களா?"

"ஓம். 'நீ இஞ்ச நிக்க மாட்டாய். எனக்குத் தெரியும். ஜன்னலால பாத்தா தெரியிற தூரத்தில ஒண்டு பிடிச்சிருக்கிறன், அதுக்காவது வா' எண்டு சொன்னவ."

கடைசிப் பயணமும் ரயிலில்தான். இரண்டு பெரிய பெட்டிகளை நானும் என் கொழுந்தனும் ஏற்றிவிட்டோம். அவன் அதற்கு முன்பே எடிசனில் வேலை கிடைத்து, தனி வீடு பார்த்துப் போயிருந்தான். அக்கா ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், நான் அதற்கு அடுத்த ஸ்டேஷனில். வழியில் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீங்கள் அங்க வந்தா என்ர வீட்டில நிக்க வேணும்" என்றார். பெட்டிகளை இழுத்துக்கொண்டு எஸ்கலேட்டர் பக்கம் போனார். கதவு மூடியது.

நான் இன்னும் டோர்ட்முண்ட் போகவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. தங்கை வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தார், அதில் கூப்பிட்டேன். தங்கைதான் எடுத்தார். என்னைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். அக்காவின் குரலேதான், கொஞ்சம் மெல்லியது.

"அக்கா இப்பதான் போனவ. காலமை வருவா. ரெண்டு பேருமாச் சமைப்பம், நடக்கப் போவம், டிவி பாப்பம். இருட்டினதும் கோட்டைப் போடுவா. நான் ஒவ்வொரு நாளும் கேப்பன், இண்டைக்கு நில்லன் எண்டு. இல்லை எண்டுவா. முந்தி எண்டா எனக்குக் கோவம் வந்திருக்கும். இப்ப சிரிப்புத்தான் வருது. அவவும் சிரிச்சுக்கொண்டுதான் போறவ."

"ராத்திரி தனியா இருக்காங்களேன்னு உங்களுக்குக் கவலையா இல்லையா?"

"இல்லை. ரோட்டைக் கடக்கிற தூரம்தானே. ஜன்னலடியில நிண்டு பாப்பன், லைட் எரியும். எண்டாலும் உடனே ஃபோன் எடுத்து, 'வந்து சேந்திட்டன்' எண்டு சொல்லுவா."

"அப்புறம்?"

"அதுக்குப் பிறகுதான் கதையே. நித்திரை வருமட்டும் கதைப்பம்." பின்னால் இன்னொரு ஃபோன் அடிக்கும் சத்தம் கேட்டது. "இந்தா, அக்காதான் கூப்பிடுறா. நான் வைக்கட்டோ?"